கீழ் பேண்டுகளில் சத்தமே இல்லையா? 160, 80, 40 மீட்டரில் காரணத்தைக் கண்டுபிடித்து ஆள் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசன்ஸ் எடுத்த புதிதில் பலரும் ஒரு மாலையில் 80 மீட்டர் பேண்டை (3.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைப் பகுதி) திறப்பார்கள். டயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றுவார்கள். இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது. "கண்டிஷன் (அலை பரவும் நிலைமை) சரியில்லை" என்று சொல்லிவிட்டு 20 மீட்டருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் திரும்பி வருவதே இல்லை.

பேண்ட் அமைதியாக இருப்பதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். உங்கள் ரேடியோ சரியாகக் கேட்காமல் இருக்கலாம். வீட்டு இரைச்சல் சிக்னலை மூடியிருக்கலாம். வானத்தில் உயரே அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் பாதையை அடைத்திருக்கலாம். பாதை திறந்திருந்தும் யாரும் அழைக்காமல் இருக்கலாம். ஹெட்போனில் இந்த நான்கும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதனால்தான் சரிபார்க்கும் வரிசை முக்கியம். உங்கள் மேஜையில் தொடங்கி வெளியே போங்கள். முதல் இரண்டும் உங்கள் கையில் இருப்பவை. கண்டிஷனில் தொடங்குபவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், வீட்டுக்குள் இருக்கும் கோளாறு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பேட்டரியில் ஓடும் ரேடியோ அல்லது ரேடியோவை ஓட்டும் அளவுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். இரைச்சலைத் தேடும்போது வீட்டு மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தப்போகிறோம். பேட்டரி இல்லாவிட்டால் அந்தச் சோதனையே நடக்காது.

50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) ஒன்று. ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஆடியோ கேபிள் அல்லது யுஎஸ்பி கேபிள். மெலிந்த டிஜிட்டல் சிக்னல்களைப் படிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள். கம்ப்யூட்டர் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒரு விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். கடிகாரம் பிசகினால் அந்த மென்பொருளின் டிஜிட்டல் முறைகளான எஃப்டி8, விஸ்பர் (WSPR) இரண்டுமே டிகோட் ஆகாது. அதைப் பார்த்துவிட்டுப் பேண்ட் செத்துப்போனதாக முடிவு கட்டுபவர்கள் நிறைய.

உங்கள் இடத்தின் சூரிய உதய, அஸ்தமன நேரங்களை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதி மேஜையில் ஒட்டிவையுங்கள். கீழ் பேண்டுகளில் இதைவிடப் பயன் தரும் தாள் வேறில்லை.

உங்கள் நாட்டு விதிமுறையையும் ஒருமுறை பாருங்கள். 160 மீட்டர், 80 மீட்டர் எல்லைகளும் அனுமதிக்கப்பட்ட பவரும் நாட்டுக்கு நாடு மாறும். வேறு நாட்டுக்காரர் பேசும் இடத்தில் பதில் சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லாமலும் போகலாம்.

## 2. ரேடியோவுக்குக் காது கேட்கிறதா?

ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டுங்கள். இரைச்சல் எவ்வளவு என்று காதால் கேளுங்கள், வாட்டர்ஃபாலிலும் (சிக்னல்களை அலைவெண் வாரியாகக் காட்டும் திரை) பாருங்கள். பிறகு ஆன்டெனாவை மாட்டுங்கள். 80 மீட்டரிலும் 160 மீட்டரிலும் இரைச்சல் சட்டென்று எழும்ப வேண்டும். எழும்பினால் ரேடியோவின் உணர்திறன் போதும். இந்த அலைவரிசைகளில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம்.

எழும்பாவிட்டால் கோளாறு ஆன்டெனாவிலோ கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கிறது. தண்ணீர் புகுந்த கோஆக்ஸும் (ஆன்டெனா கேபிள்) துருப்பிடித்த இணைப்பும்தான் பெரும்பாலும் காரணம். இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எழும்பியது என்றால் முதல் வேலையாக ப்ரீஆம்பை (ரிசீவர் முன்பகுதியில் உள்ள பெருக்கியை) அணையுங்கள். இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். சிக்னல் வரவில்லை என்றதும் கை தானாக ப்ரீஆம்புக்குப் போகும். அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, 160 மீட்டருக்குப் பக்கத்திலேயே மீடியம் வேவ் ஒலிபரப்பு நிலையங்கள் கிலோவாட் கணக்கில் நிற்கின்றன. ப்ரீஆம்ப் போட்டால் அவை ரிசீவரின் முன்பகுதியைத் திணறடித்து, இல்லாத இடத்தில் எல்லாம் போலி சிக்னல்களை உண்டாக்கும்.

போலியைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 10 டெசிபெல் அட்டென்யுவேட்டரை (சிக்னல் குறைப்பானை) போடுங்கள். நிஜமான சிக்னல் 10 டெசிபெல்தான் குறையும். ரிசீவருக்குள் உருவான கலப்பு அதைவிட அதிகமாகக் குறையும், பல சமயம் காணாமலே போகும்.

ஆன்டெனாவை மாட்டும்போது இரைச்சல் லேசாக ஏறுவது தெரிகிற அளவுவரை அட்டென்யுவேட்டரைக் கூட்டலாம், ஆர்எஃப் கெய்னையும் (ரிசீவரின் பெருக்க அளவு) குறைக்கலாம். காது களைக்காது, மெலிந்த சிக்னலும் தெளிவாகப் பிரியும்.

## 3. வீட்டு இரைச்சலை வேட்டையாடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு நாளைக்கூடக் கொடுக்கலாம். வேறு எந்தப் படியும் இவ்வளவு பலன் தராது. உங்கள் இரைச்சல் 6 டெசிபெல் குறைந்தால், உங்களை அழைக்கும் ஒவ்வொருவரும் பவரை நான்கு மடங்காக்கியதற்குச் சமம்.

ரேடியோவை பேட்டரியில் போடுங்கள். காலியான ஓர் அலைவரிசையில் நிறுத்தி, பேண்ட்விட்த்தை மாற்றாமல் வைத்து, இரைச்சல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வீட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். யுபிஎஸ், இன்வெர்ட்டர் பேட்டரியில் தானாக ஓடத் தொடங்கும், அவற்றையும் நிறுத்துங்கள். பலர் இதை மறந்துவிட்டு, இரைச்சல் வெளியிலிருந்துதான் வருகிறது என்று தவறாக முடிவு செய்கிறார்கள்.

இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ப்ரேக்கரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்த ப்ரேக்கரில் எழும்புகிறதோ, அந்த அறையில் ஒவ்வொரு பிளக்காகச் சோதியுங்கள்.

வாட்டர்ஃபாலில் கொஞ்சம் பழகிவிட்டால் இரைச்சலின் உருவத்தை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். மலிவான சார்ஜரும் எல்இடி அடாப்டரும் சம இடைவெளியில் அகலமான மேடுகளாகத் தெரியும். 50, 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று என்ற மாதிரி வரிசையாக நிற்கும், சூடு ஏற ஏற மெதுவாக நகரும். மின்கம்பத்தின் தளர்ந்த இணைப்பு மின்சார அலைவெண்ணின் இரண்டு மடங்கில், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், கரகரக்கும். ஈரக் காற்றில் அது மாறும், மழை பெய்தால் சில சமயம் நின்றே போகும். சோலார் இன்வெர்ட்டர் வெயில் இருக்கும்வரைதான் சத்தம் போடும். பழைய தொலைபேசிக் கம்பியில் ஓடும் பிராட்பேண்ட் இருபத்துநான்கு மணி நேரமும் மாறாத சீறலாகக் கேட்கும்.

தீர்வுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மோசமான அடாப்டரையே மாற்றுங்கள். மாற்ற முடியாததற்கு மட்டும் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) போடுங்கள். 1.8 முதல் 7 மெகாஹெர்ட்ஸுக்கு 31 எண் கலவைதான் ஏற்றது. கடைகளில் அதிகம் கிடைக்கும் 43 எண் இதைவிட உயர்ந்த அலைவரிசைகளில்தான் முழுப் பலன் தரும். கம்பியை ஒருமுறை நுழைத்து மூடும் கிளிப் ஃபெரைட் 160 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. தடை சுற்று எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதனால் பெரிய வளையத்தில் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றுங்கள்.

அப்புறம் கேபிள் ஆன்டெனாவில் சேரும் ஃபீட்பாயிண்டில் ஒரு சோக் (ஃபெரைட்டில் கேபிளைச் சுற்றிய தடுப்பு), கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று. சோக் இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளித்தோலே ஓர் ஆன்டெனாவாகி, வீட்டு இரைச்சலை அள்ளி ஆன்டெனாவுக்குக் கொண்டுபோகும்.

## 4. கேட்பதற்குத் தனி ஆன்டெனா

இரைச்சல் அண்டை வீட்டிலிருந்து வந்தால் உங்களால் அணைக்க முடியாது. அப்போது கேட்பதற்கு மட்டும் வேறு ஆன்டெனா வையுங்கள். இடம் இருந்தால் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் நீளக் கம்பியாகப் போகும் பெவரேஜ். இடம் இல்லாவிட்டால் சிறிய லூப், அல்லது தரையிலேயே கிடக்கும் சுமார் 18 மீட்டர் சுற்றளவுள்ள கம்பி வளையம்.

இவற்றை மாட்டினால் சிக்னல் மீட்டர் முள் படுத்துவிடும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். முள்ளைப் பார்க்காதீர்கள். சிக்னல் 20 டெசிபெல் குறைந்து இரைச்சல் 30 டெசிபெல் குறைந்தால் உங்களுக்கு 10 டெசிபெல் லாபம். இந்த இடத்தில் மட்டும் தேவைப்பட்டால் ப்ரீஆம்ப் போடலாம்.

டிரான்ஸ்மிட் ஆன்டெனாவிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் அது பிடிக்கும் இரைச்சலை இதுவும் வாங்கிக்கொள்ளும். டிரான்ஸ்மிட் செய்யும்போது ரிசீவர் நுழைவாயில் தானாகத் துண்டிக்கப்படவும் ஏற்பாடு வேண்டும், இல்லாவிட்டால் முன்பகுதி எரிந்துவிடும்.

## 5. பாதை திறக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் வானத்துக்கு வருகிறோம்.

பகலில் சூரிய ஒளி 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கை உருவாக்குகிறது. கீழ் அலைவரிசைகளை அது திருப்பி அனுப்புவதில்லை, விழுங்கிவிடும். தோராயமாக, அலைவெண் பாதியானால் உறிஞ்சல் நான்கு மடங்கு. அதனால்தான் நண்பகலில் 40 மீட்டர் சில நூறு கிலோமீட்டருக்கு வேலை செய்கிறது, 80 மீட்டர் அக்கம்பக்கத்தோடு நிற்கிறது, 160 மீட்டரில் தரை அலை போகும் தூரம்தான். பகலில் 160 மீட்டரைத் திறந்து ஏமாந்தால் அது ரேடியோவின் தவறல்ல.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைகிறது. ஆனால் உங்கள் பக்கம் இருட்டினால் மட்டும் போதாது. 160 மீட்டரில் தொலைதூரம் பேச இரண்டு முனைகளும் நடுப் பாதையும் இருட்டில் இருக்க வேண்டும். அஸ்தமனத்தை ஒட்டிக் கிழக்கே கேளுங்கள், உதயத்தை ஒட்டி மேற்கே கேளுங்கள். ஒரு முனையில் விடியும் தறுவாயில் சிக்னல் சில நிமிடங்கள் திடீரென்று எழும்பி, அப்படியே அணைந்துவிடும். அதற்காகத்தான் மேஜையில் அந்த நேரத்தாள்.

பலரைக் குழப்பும் இன்னொன்று: மாலையில் 80 மீட்டரில் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தவரோடு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள், நள்ளிரவுக்கு மேல் அவர் காணாமல் போவார். அதே நேரத்தில் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் நன்றாகக் கேட்பார். அலையைத் திருப்பி அனுப்பும் உயர் அடுக்கான எஃப்2 இரவில் மெலிகிறது. நேர் மேலே போகும் அலையைத் திருப்பி அனுப்பும் உச்ச அலைவெண் 3.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிட்டால், அருகில் உள்ளவர்களுக்கான பாதை மூடிவிடும். சூரியச் செயல்பாடு குறைந்த ஆண்டுகளின் குளிர்கால இரவுகளில் இது சகஜம். அருகில் உள்ளவரோடு 160 மீட்டருக்கு இறங்குங்கள். 40 மீட்டருக்கு ஏறுவது நிலைமையை மோசமாக்கும்.

எண்களில் புவிகாந்தக் கொந்தளிப்பைக் காட்டும் கே இண்டெக்ஸை முதலில் பாருங்கள். 0 முதல் 2 வரை என்றால் அமைதி. 5 தொட்டால் புவிகாந்தப் புயல், துருவப் பகுதியை ஒட்டிப் போகும் பாதைகள் முதலில் போகும். சோலார் ஃப்ளக்ஸ் (சூரியனின் ரேடியோ வீச்சு அளவு) உயர்ந்திருப்பதைப் பார்த்து 160 மீட்டரில் நம்பிக்கை வைப்பது தவறு. 10 மீட்டருக்குத் தேவையான எண் அது. கீழ் பேண்டுகளுக்குச் சூரியன் அடங்கியிருக்கும் காலமே நல்லது. கடைசியாக 2019 டிசம்பரில் சூரியச் சுழற்சி அடிமட்டத்தைத் தொட்டது. அதை ஒட்டிய குளிர்காலங்கள் இந்தப் பேண்டுகளுக்கானவை.

சூரியக் கிளர்ச்சியால் வரும் திடீர் மறைவு பகல் பக்கத்தை மட்டுமே தாக்கும், ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு விலகும். காந்தப் புயல் நாள்கணக்கில் நீடிக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரு வாரம் ரேடியோவை மூடிவைக்க வேண்டாம். கோடையில் இடிமின்னல் இரைச்சல் தனிக் கதை. அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்தும் வரும். அந்த மாதங்களில் புயல் மேகங்கள் தணியும் விடியற்காலைதான் உங்கள் நேரம்.

## 6. ஊகிக்காமல் அளந்து பாருங்கள்

கணக்குப்படி பாதை திறந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் இணையத்தில் இயங்கும் தொலை ரிசீவர் ஒன்றைத் திறங்கள். கிவிஎஸ்டிஆர் நிலையங்கள் உலகெங்கும் இருக்கின்றன, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆரும் உண்டு. உங்களுக்குச் சில நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதே அலைவரிசையைக் கேளுங்கள். அங்கே நிலையங்கள் கேட்டு இங்கே கேட்கவில்லை என்றால் படி 2, 3க்குத் திரும்புங்கள். சோதனைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். தொலை ரிசீவரில் கேட்டுப் பேசிய தொடர்பை உங்கள் நிலையத்தின் தொடர்பாக லாக் செய்வது சரியல்ல.

அடுத்தது விஸ்பர். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட இந்த முறை இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறுஞ்செய்தியை அனுப்பும். டயல் அலைவெண் 160 மீட்டரில் 1.8366, 80 மீட்டரில் 3.5686, 40 மீட்டரில் 7.0386 மெகாஹெர்ட்ஸ். 5 வாட்டுக்கு மேல் தேவையில்லை. ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் விஸ்பர்நெட்டில் முடிவைப் பாருங்கள்.

படிக்கும் முறை இப்படி. உங்களைப் பலர் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் சிலரையே கேட்டிருக்கிறீர்கள் என்றால் கோளாறு உங்கள் இரைச்சலில். நீங்கள் பலரைக் கேட்கிறீர்கள், உங்களை யாரும் கேட்கவில்லை என்றால் டிரான்ஸ்மிட் ஆன்டெனாவில் பவர் வீணாகிறது. இரண்டுமே இல்லை, ஆனால் உங்கள் பகுதியில் உள்ள இன்னொருவர் நன்றாகப் போய்ச் சேர்கிறார் என்றால் ஆன்டெனாவையும் கடிகாரத்தையும் சந்தேகியுங்கள். அவருக்கும் இல்லை என்றால் மட்டுமே கண்டிஷனைக் குறை சொல்லுங்கள். எல்லாருக்கும் விஸ்பர் நன்றாகப் போகிறது, ஆனால் குரலிலும் மோர்ஸிலும் ஆளில்லை என்றால் பாதை திறந்துதான் இருக்கிறது, அழைப்பவர்தான் இல்லை. அப்போது நேராக 8-ஆம் படி.

விஸ்பரில் வந்ததால் குரலிலும் போகும் என்று நினைக்காதீர்கள். அது 2,500 ஹெர்ட்ஸ் அகல அளவுகோலில் ஏறத்தாழ மைனஸ் 28 டெசிபெல் வரை டிகோட் ஆகும். எஃப்டி8 சுமார் மைனஸ் 21 வரை. பழகிய காது மோர்ஸை மைனஸ் 15 அளவில் பிடிக்கும். ஹாம்களின் வழக்கமான குரல் முறையான எஸ்எஸ்பிக்கு அதே அளவுகோலில் பூஜ்யத்துக்கு மேலே சில டெசிபெல் வேண்டும். 5 வாட்டில் மைனஸ் 25 கிடைத்தது என்று வையுங்கள். 100 வாட்டுக்குப் போனால் 13 டெசிபெல் கூடி மைனஸ் 12 ஆகும். அந்தப் பாதையில் மோர்ஸ் முடியும், குரல் முடியாது. எந்த முறையில் அழைப்பது என்பதை இந்தக் கூட்டல் கழித்தலே சொல்லிவிடும்.

## 7. டிரான்ஸ்மிட் ஆன்டெனா

யாரோடு பேசப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நடுவில் கேபிள் சேரும் நேர்க் கம்பியான அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில், 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைக்கும். 3.55 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 40 மீட்டர். அதை 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் சக்தி பெரும்பாலும் நேர் மேலே போகும். 500 கிலோமீட்டர் வட்டத்துக்கு அது அருமை, தொலைதூரத்துக்கு உதவாது.

தொலைதூரத்துக்கு இன்வெர்ட்டட் எல் போதும். 160 மீட்டருக்கு மொத்தம் 40 மீட்டர் கம்பி. முடிந்த அளவு செங்குத்தாக ஏற்றி, மிச்சத்தைக் கிடையாக இழுங்கள். செங்குத்துப் பகுதிதான் தாழ்ந்த கோணத்தில் கதிர்வீசுகிறது. கீழே, அடிவாரத்திலிருந்து தரையில் நாலாபுறமும் விரியும் ரேடியல் கம்பிகள் வேண்டும். கையில் இருக்கும் கம்பியை நாலு நீளத் துண்டாகப் போடுவதைவிடப் பல சிறு துண்டுகளாகப் பரப்புவது நல்லது, ஏனென்றால் தரை இழப்பு அடிவாரத்துக்குப் பக்கத்தில்தான் அதிகம்.

ரேடியல் கூடக் கூட எஸ்டபிள்யூஆர் (கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தமின்மையின் அளவு) ஏறினால் பயப்படாதீர்கள். தரை இழப்பு குறைவதால் ஃபீட்பாயிண்ட் மின்தடை இறங்குகிறது, நல்ல அறிகுறிதான். நாலைந்து ரேடியலோடு எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டுகிறது என்று மகிழ்ந்தால், சக்தியில் பெரும்பங்கு மண்ணைத்தான் சூடாக்குகிறது.

கம்பி அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில் மட்டுமே கட்டுங்கள். கம்பியின் நுனியில் டிரான்ஸ்மிட் செய்யும்போது உயர் மின்னழுத்தம் இருக்கும், யார் கையும் எட்டக்கூடாது.

## 8. நீங்களே அழையுங்கள்

எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, யாருமே அழைக்காத பேண்ட் செத்ததாகவே தெரியும். கிளஸ்டரில் (கேட்ட நிலையங்களைப் பகிரும் இணையப் பட்டியல்) பெயர் வந்தால்தான் டயலைத் திருப்புவது என்ற பழக்கம் பரவியதில் இது இன்னும் மோசமாகிவிட்டது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது.

ஒரே அலைவரிசையில் பதினைந்து இருபது நிமிடம் நின்று அழையுங்கள். இரண்டு சிக்யூ (பொது அழைப்பு) போட்டுவிட்டு நகர்ந்தால், டயலைச் சுற்றிக்கொண்டு வருபவர் உங்களைத் தாண்டிவிடுவார். ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் போதிய இடைவெளி விட்டுக் கேளுங்கள். கீழ் பேண்டில் சிக்னல் மெல்ல மூழ்கி மெல்ல எழும், பதில் இரண்டாவது முறைதான் காதில் விழும்.

மோர்ஸில் அழைத்தால் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கின் தானியங்கி ரிசீவர்கள் உங்கள் கால்சைனை (நிலைய அடையாளக் குறி) பிடித்து சிக்னல் அளவோடு காட்டும். கால்சைனை இரண்டு முறை தெளிவாக அனுப்புங்கள். யாரும் பதில் சொல்லாவிட்டாலும் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துவிடும். 160 மீட்டரில் 1.810 முதல் 1.835 வரை மோர்ஸ் ஆட்கள் இருக்கும் இடம்.

எஃப்டி8 அலைவெண்களான 1.840, 3.573, 7.074-ல் கூட்டம் இருந்து மற்ற இடம் காலியாக இருந்தால், அங்கே வலுவாக வருபவர்களுக்கு மின்னஞ்சலில் நேரமும் அலைவரிசையும் குறித்துக் கொடுங்கள். முன்கூட்டிப் பேசிவைத்த சந்திப்புகள் கீழ் பேண்டுகளில் என்றைக்குமே உண்டு. உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்பு வைத்தால் வெற்றி வாய்ப்பு கூடும்.

முதல் தொடர்புகளுக்குப் போட்டி நாட்களைப் பயன்படுத்துங்கள். டிசம்பரில் ஏஆர்ஆர்எல் (அமெரிக்க ஹாம் சங்கம்) 160 மீட்டர் போட்டியும் ஸ்டூ பெரி போட்டியும், ஜனவரியில் சிக்யூ 160 மோர்ஸ் போட்டியும் வருகின்றன. சாதாரண இரவில் காலியாகக் கிடக்கும் பேண்ட் அன்றைக்கு நிரம்பி வழியும். பேண்ட் ஒன்றுதான், வானமும் ஒன்றுதான், ஆட்கள் மட்டுமே கூடியிருக்கிறார்கள். புள்ளி சேர்க்க விருப்பமில்லாதவர்களும் அன்றைக்குத் தங்கள் ஆன்டெனாவைச் சோதித்துவிடலாம்.

லாக்கில் யுடிசி நேரம், கே இண்டெக்ஸ், உங்கள் இரைச்சல் அளவு மூன்றையும் எழுதுங்கள், தொடர்பு கிடைக்காத இரவிலும் எழுதுங்கள். அடுத்த குளிர்காலத்தில் எந்தத் திசை எப்போது திறக்கும் என்று உங்கள் நோட்டே சொல்லும்.

## 9. இன்னும் கீழே போக விரும்பினால்

630 மீட்டர் எனப்படும் 472–479 கிலோஹெர்ட்ஸும், 2200 மீட்டர் எனப்படும் 135.7–137.8 கிலோஹெர்ட்ஸும் பல நாடுகளில் ஹாம்களுக்குத் திறந்திருக்கின்றன. கதிர்வீச்சு பவர் வரம்பு பொதுவாக 1 வாட் என்ற அளவில்தான், 630 மீட்டரில் சில நாடுகளில் 5 வாட் வரை. இங்கே குரலை மறந்துவிடுங்கள். முதல் குளிர்காலம் முழுக்கக் கேட்பதோடு நில்லுங்கள். விஸ்பர் டயல் 630 மீட்டரில் 474.2, 2200 மீட்டரில் 136.0 கிலோஹெர்ட்ஸ். 3-ஆம் படியை முடிக்காதவர்களுக்கு இங்கே ஒரு டிகோட்கூட வராது. சார்ஜர்களின் இரைச்சல் இந்த அலைவெண்களில் இன்னும் பல மடங்கு வலுவாக இருக்கும்.